விஸ்வகர்மா பூஜை அன்று நாம்கானாவுக்கு ஒரு பழைய கார்

கொல்கத்தாவிலிருந்து பக்காலி கடற்கரைக்குச் சொந்தக் காரில் போகலாமா, சின்ன வண்டி தாங்குமா என்று இரண்டு பேர் மெயிலில் கேட்டிருந்தார்கள். போகலாம். தாங்கும். 2005 செப்டம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை நான் போனேன். கடலைப் பார்க்கவில்லை, அதற்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்பே என் வேலை முடிந்துவிட்டது. ஆனால் ரோடு, படகு, செலவு எல்லாம் அதேதான், அதனால் எழுதுகிறேன்.

முதலில் வண்டி. 1996 மாடல், எண்ணூறு சிசி, வெள்ளை, நாலு கியர். ஏசி உண்டு. போட்டால் மேம்பாலம் ஏறாது, அதனால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சால்ட் லேக்கில் ஒரு டாக்டரிடம் அறுபத்திரண்டாயிரத்துக்கு வாங்கினேன். எழுபத்தோராயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று மீட்டர் சொன்னது. நான் மீட்டரைப் பார்க்கவில்லை, கிளட்ச் பெடலின் ரப்பரைப் பார்த்தேன். அது சோப்பு மாதிரி வழவழவென்று தேய்ந்திருந்தது. அதைக் காட்டி எட்டாயிரம் குறைத்தேன். இன்ஜினியரிங்கை மூன்றாவது செமஸ்டரில் விட்டவன் நான், செக்டர் ஃபைவில் ஒரு கால் சென்டரில் ராத்திரி வேலை. வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தியபோது அப்பா சொன்னது இவ்வளவுதான்: "பாதியில படிப்ப விட்டவன், பாதி ஓடின வண்டிய வாங்கிருக்கான்."

போனதற்குக் காரணம் சுமதி அக்கா. டாக்குரியாவில் எங்கள் ஃப்ளாட்டுக்கு நேர் மேல் மாடி. கரியாஹாட்டில் ஒரு பாங்கில் பதினாலு வருஷமாக கிளார்க். ஆபீசர் பரீட்சை எழுதி பாஸ் பண்ணிவிட்டார். போஸ்டிங் எங்கே என்றால் நாம்கானா ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தை ஊர்க் கிளையில். சேர ஏழு நாள் அவகாசம், ஏழாவது நாள் சனிக்கிழமை. சனிக்கிழமை அரை நாள்தான், இரண்டு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் கையெழுத்துப் போடாவிட்டால் புரமோஷன் ரத்து. அடுத்த மூன்று வருஷம் பரீட்சையும் எழுத முடியாது.

ஆறு நாள் மேல் மாடியில் இதே பேச்சு. அங்கே பேசினால் எங்கள் சமையலறையில் கேட்கும். அக்காவின் கணவர் ராமநாதன் சார் ஒரு கம்பெனியில் அக்கவுன்டன்ட், நல்ல மனிதர், ஆனால் ஒரே வரியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: "வேண்டாம்னு எழுதிக் குடுத்துடு. பொண்ணு ஒம்பதாவது படிக்கறா. இந்த நேரத்துல எதுக்கு ஆபீசர்?" வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா எங்கள் கதவைத் தட்டினார்.

"கார்த்தி, உன் வண்டி நாம்கானா வரைக்கும் போகுமா?"

"போகும்க்கா."

"பொய் சொல்லாத. போகுமா?"

"கிளட்ச் கேபிள் கொஞ்சம் பிரிஞ்சிருக்கு. மத்தபடி போகும்."

"பிரிஞ்சா பிரியட்டும். காலையில ஏழு மணிக்குக் கெளம்பறோம். ட்ரெய்ன்ல இத்தனை சாமானோட நான் ஒருத்தியா ஏற முடியாது. அவர் வர மாட்டாராம்."

கேபிள் விஷயத்தில் தப்பு என்னுடையது. என் டாக்குரியா மெக்கானிக் வியாழக்கிழமையே சொன்னார், வெள்ளிக்கிழமைக்குள் கொண்டு வா, சனிக்கிழமை வராதே என்று. வெள்ளிக்கிழமை பகல் முழுக்கத் தூங்கிவிட்டேன். டயமண்ட் ஹார்பர் ரோட்டில் நாலு தப்படிக்கு ஒரு கேரேஜ் இருக்கிறது, எங்காவது மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சனிக்கிழமை வராதே என்று ஏன் சொன்னார் என்று யோசிக்கவே இல்லை.

காலை 7.10க்குக் கிளம்பினோம். டிக்கியில் ஒரு சூட்கேஸ், மடக்குக் கட்டில், கேஸ் அடுப்பு. பின் சீட்டில் மெத்தை, குக்கர், அரிசிப் பை, அதற்கும் மேல் டேபிள் டாப் கிரைண்டர். "அங்க மாவு கெடைக்காதுடா" என்றார் அக்கா. பக்காலி போகிறவர்கள் இவ்வளவு எடுத்துப் போக வேண்டாம். ராமநாதன் சார் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கீழே இறங்கவில்லை, கையும் அசைக்கவில்லை.

அன்வர் ஷா ரோடு வழியாக டாலிகஞ்ச், அங்கிருந்து டாக்கூர்புகூர் 7.50. அதுவரை நகரம்தான். ஜோக்கா தாண்டினால் வயல் தெரியும். ஆம்தலா சந்தையில் வழக்கமாக அரை மணி நேரம் மாட்டிக்கொள்வோம். அன்று ஏழு நிமிஷத்தில் தாண்டினோம். லாரியே இல்லை. ரிக்‌ஷா ஸ்டாண்ட், பஸ் ஸ்டாண்ட், டயர் கடை எல்லா இடத்திலும் சின்னச் சின்னப் பந்தல், மைக்கில் பாட்டு. வானத்தில் எங்கே பார்த்தாலும் பட்டம்.

"இன்னைக்கு விஸ்வகர்மா பூஜைடா," என்றார் அக்கா. "எங்க பாங்க்ல ஜெனரேட்டருக்கே மாலை போடுவாங்க."

"ஆமால்ல. அதான் ரோடு காலியா இருக்கு," என்றேன் சந்தோஷமாக. இந்த ஊரிலேயே பிறந்து இந்த ஊரிலேயே வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் வண்டிக்கும் ஸ்பானருக்கும் பூஜை அக்டோபரில், ஆயுத பூஜை அன்று. செப்டம்பர் பூஜை எனக்குப் பட்டம் விடுகிற நாள், அவ்வளவுதான்.

டயமண்ட் ஹார்பர் 9.20. வீட்டிலிருந்து சரியாக ஐம்பது கிலோமீட்டர். ஆற்றங்கரையில் கச்சூரி நாலு, உருளைக்கிழங்கு கறி, டீ, இரண்டு பேருக்கும் சேர்த்து இருபத்திரண்டு ரூபாய். ஆறு அங்கே கடல் மாதிரி அகலம். அக்கா அதைப் பார்க்கவில்லை, வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கிறவர்கள் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

குல்பி தாண்டிப் பத்து நிமிஷம். 10.20. ஒரு சைக்கிள் வேனுக்காக பிரேக் அடித்துக் கிளட்சை மிதித்தேன். டக் என்று ஒரு சத்தம். பெடல் தரையில் போய் ஒட்டிக்கொண்டது, திரும்பி வரவில்லை.

கிளட்ச் இல்லாமலும் வண்டி நகரும், தெரிந்துகொள்ளுங்கள். இன்ஜினை அணைத்து முதல் கியரில் போட்டுச் சாவியைத் திருப்பினால் தவளை மாதிரி தாவிக்கொண்டு கிளம்பும். அப்படியே ஒன்றரை கிலோமீட்டர் போனேன். ஆனால் காக்த்வீப் கடைத்தெருவில் நின்று நின்று போக முடியாது, படகில் ஏற்றவே முடியாது. நிஸ்சிந்தாபூர் என்ற ஊரில் ஒரு கேரேஜ் தெரிந்தது. நிஸ்சிந்தா என்றால் கவலையில்லாமை. அந்தப் போர்டைப் படித்துவிட்டு அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

கேரேஜுக்குள் வண்டி ஒன்றும் இல்லை. வண்டி நிற்கிற இடத்தில் விஸ்வகர்மா இருந்தார், மீசை வைத்த இளவட்டம், யானை மேல். அவர் காலடியில் பித்தளைத் தட்டு மாதிரி பளபளவென்று துடைத்த ஸ்பானர்கள், ஜாக்கி, சுத்தியல், ஒவ்வொன்றிலும் சந்தனப் பொட்டு. வெளியே ஆறேழு பேர் பெஞ்சில் உட்கார்ந்து கிச்சடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கேரேஜ்காரன் பெயர் பாபாய், என் வயதுதான் இருக்கும், புதுச்சட்டை, தலையில் அரை பாட்டில் எண்ணெய். பேச்சு வங்காளத்தில் நடந்தது, தமிழில் தருகிறேன். தாதா என்றால் அண்ணன், பௌதி என்றால் அண்ணி.

"கேபிள் போயிடுச்சா? நாளைக்கு வா தாதா. கிச்சடி சாப்டுட்டுப் போ."

"நாளைக்கு முடியாது. இப்பவே வேணும்."

"இன்னைக்கு ஆயுதத்த தொட மாட்டோம். சாமிகிட்ட வச்சாச்சு. நாளைக்கு சிலைய ஆத்துல விட்டப்புறம்தான்."

"டபுள் காசு தரேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாபாய் சிரிக்கவில்லை. "பத்து மடங்கு குடு. தொட மாட்டேன். வருஷம் முழுக்க என் கைய இந்த ஸ்பானர் காப்பாத்துது. ஒரு நாள் லீவு குடுக்கக் கூடாதா?"

எனக்குக் கோபம் வந்தது. அடுத்த கேரேஜுக்குப் போகலாம் என்று திரும்பினேன். "காக்த்வீப் வரைக்கும் பதினெட்டு கேரேஜ் இருக்கு," என்றான் நிமாய் என்று ஒருவன், வாயில் கிச்சடியோடு. "பதினெட்டுலயும் கிச்சடிதான். இங்கதான் அப்பளமும் இருக்கு."

அக்கா முன்னால் வந்தார். அவர் வங்காளம் என்னுடையதைவிட நல்ல வங்காளம். ரெண்டு மணிக்குள் போகாவிட்டால் என்ன போகும் என்று நாலே வரியில் சொன்னார். கெஞ்சவில்லை. கவுன்டரில் ஒரு கஸ்டமருக்கு விதி சொல்வது போலச் சொன்னார். பஸ்ஸும் பார்த்தோம். அன்று பாதி பஸ் மாலையோடு ஸ்டாண்டில் நின்றது, வந்த ஒன்றில் கூரையில்தான் இடம். "பன்னண்டரை வரைக்கும் பாக்கறேன். ஆகலன்னா கூரையில ஏறிப் போவேன்," என்றார்.

பாபாய் தட்டைக் கீழே வைத்தான். கொஞ்ச நேரம் காரையே பார்த்தான். "தாதா, உன் டிக்கில ஸ்பானர் இருக்கா?"

"இருக்கு. பழைய ஓனர் வச்சிருந்தது."

"அதுக்குப் பூஜை போட்டாச்சா?"

"இல்ல. நாங்க அக்டோபர்லதான் போடுவோம். சரஸ்வதி பூஜை அன்னைக்கு."

மொத்த பெஞ்சும் வெடித்துச் சிரித்தது. அவர்களுக்கு சரஸ்வதி துர்காவின் மகள், அவளுக்குப் பூஜை குளிர்காலத்தில், துர்கா பூஜை நடக்கிற அக்டோபரில் தனியாக சரஸ்வதிக்கு என்ன வேலை என்று நிமாய்க்குப் புரியவே இல்லை. "அம்மாவுக்குப் பூஜை நடக்கறப்போ நீங்க பொண்ணுக்குத் தனியா பண்றீங்களா?" என்றான். நான் விளக்க ஆரம்பித்தேன். பாபாய் கையைக் காட்டி நிறுத்தினான்.

"விடு. அப்போ உன் ஸ்பானருக்கு இன்னைக்கு லீவு இல்ல. அடுத்த மாசம்தான் லீவு. நீ வேலை செய். நான் சொல்றேன். ஆனா தொட மாட்டேன்."

புது கேபிள் சுவரில் மாட்டியிருந்தது. அதையும் அவன் எடுத்துத் தரவில்லை. "நீயே எடு. நூத்தி எண்பது. தட்டுல வை," என்றான்.

11.00க்குத் தொடங்கினேன். வாழ்க்கையில் அதுவரை நான் கழற்றியது சைக்கிள் செயின் மட்டும். பாபாய் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை மட்டும் பானட்டுக்குள் நீட்டி நின்றான்.

"பேட்டரிக்குக் கீழ ஒரு நட்டு. பன்னண்டு நம்பர். அது இல்ல. அதுவும் இல்ல. ஐயோ, உனக்குக் கண்ணு முன்னால இருக்கா, பின்னாலயா?"

"எதுடா?"

"உன் மூக்குக்கு நேரா! ஆங். இடது பக்கம் சுத்து. அது வலது."

ஒரு கட்டத்தில் அவனால் தாங்க முடியவில்லை. என் கையிலிருந்த ஸ்பானரைப் பிடுங்கக் கை வந்துவிட்டது. "ஏய் ஏய் ஏய், கை!" என்று பெஞ்சே கத்தியது. சுட்டுக்கொண்டவன் மாதிரி கையை இழுத்து மறுபடி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

பழைய கேபிளை உருவினேன், புதியதை இன்ஜின் பக்கமிருந்து உள்ளே விட்டேன். அங்கே மாட்டிக்கொண்டேன். பெடலின் தலையில் ஒரு சின்னக் கொக்கி, அதில் கேபிளின் முனையை மாட்ட வேண்டும். டேஷ்போர்டுக்கு அடியில், தலைகீழாக. என் கை உள்ளே போகவில்லை. இருபது நிமிஷம் முயன்றேன். 11.50.

"நகரு," என்றார் அக்கா.

"புடவைக்கா."

"நகருடா."

முதல் நாளைக்கென்று கட்டியிருந்த மாம்பழக் கலர் காட்டன் புடவை. டிரைவர் சீட்டில் தலைகீழாகப் படுத்து உள்ளே கையை விட்டார். கண்ணாடி வளையலைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். பாபாய் ஜன்னல் வழியாகச் சொன்னான்: "பௌதி, மேல தள்ளுங்க. இப்போ உங்க பக்கம் இழுங்க. ஜடைக்கு ஊக்கு மாட்டற மாதிரி." இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை க்ளிக் என்று கேட்டது. அக்கா வெளியே வந்தபோது முழங்கை வரை கிரீஸ், தோளில் ஒரு உள்ளங்கை அளவு கறை.

நட்டை இறுக்கினேன். பெடல் மேலே அரை இஞ்ச் சும்மா ஆட வேண்டும், அதற்குப் பிறகுதான் பிடிக்க வேண்டும் என்றான் பாபாய். மிதித்துப் பார்த்தேன். கியர் விழுந்தது. 12.15. கூலி எவ்வளவு என்று கேட்டேன். "நான் என்ன வேலை செஞ்சேன்?" என்று கையை விரித்துக் காட்டினான். எண்ணெய்ப் பிசுக்கே இல்லாத கை. எங்களைப் போகவிடாமல் இலையில் கிச்சடி கட்டிக் கொடுத்தார்கள்.

காக்த்வீப் 12.45, நாம்கானா 1.10. வீட்டிலிருந்து நூற்று எட்டு கிலோமீட்டர். இங்கே ரோடு முடிகிறது, ஆறு குறுக்கே ஓடுகிறது, பாலம் கிடையாது. கார்களைப் பெரிய தட்டைப் படகில், பார்ஜில், ஏற்றி அக்கரை கொண்டுபோவார்கள். போகிறவர்கள் இதை மட்டும் மறக்காதீர்கள்: கடல் பக்கம் என்பதால் ஆற்றில் தினமும் நீர் ஏறி இறங்கும், இறங்கினால் பார்ஜ் நின்றுவிடும். வண்டி ஏறுகிற சரிவுப் பலகை சேற்றுக்கு மேல் தொங்கும், காரை ஏற்ற முடியாது. அன்று சரியாக அதே நேரம். எங்களுக்கு முன்னால் பதினோரு வண்டி.

"எப்போ விடுவீங்க?" என்று டிக்கெட்காரரிடம் கேட்டேன்.

"தண்ணி வந்தா."

"தண்ணி எப்போ வரும்?"

"மூணு மணி ஆகும். அதுக்கென்ன அவசரம், கடல் எங்கயும் போகாது."

அக்கா அதற்குள் கதவைத் திறந்துவிட்டார். கைப்பையில் ரிலீவிங் ஆர்டர் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தார். ஆட்கள் போகிற சின்ன மோட்டார் படகு பக்கத்துத் துறையில் கிளம்பப் போகிறது.

"சாமான நீ கொண்டு வா," என்றார்.

"அக்கா, அந்தப் பக்கம் பன்னண்டு கிலோமீட்டர் இருக்கு. பஸ் இருக்குமோ என்னவோ."

"போனாத்தானே தெரியும்."

சேற்றில் போட்ட பலகையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். நாற்பத்திரண்டு வயது. படகு நகர்ந்த பிறகுதான் ஏறினார், யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். 1.22. நான் கிரைண்டரோடு இந்தக் கரையில் நின்றேன். மொபைலில் சிக்னல் இல்லை. கிச்சடியைச் சாப்பிட்டேன். வேறு என்ன செய்வது? ஒன்றரை மணி நேரத்தில் அந்த டிக்கெட்காரரிடம் தண்ணீர் எப்போது வரும் என்று ஆறு தடவை கேட்டிருப்பேன்.

பார்ஜ் 3.05க்குக் கிளம்பியது. சின்னக் காருக்கு நூற்று முப்பது ரூபாய், ஒரு வழிக்கு. ஏறும்போது முதல் கியர், கிளட்சைப் பாதியில் பிடித்து மெதுவாக விட வேண்டும். பழைய கேபிளாக இருந்தால் அங்கேதான் அறுந்து ஆற்றைப் பார்த்து உருண்டிருப்பேன். குல்பியில் அறுந்ததே நல்லது என்று அப்போது தோன்றியது.

பாங்கைக் கண்டுபிடித்தபோது 3.40. ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது. குனிந்து பார்த்தேன். மாம்பழக் கலர் தெரிந்தது.

"அக்கா! கையெழுத்து?"

"ஒன்னு அம்பத்தியேழு." மேஜையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நோட்டுக் கட்டு எண்ணிக்கொண்டிருந்தார். மீன் கொண்டுபோகிற ஒருவரின் மோட்டார் சைக்கிளில் வந்தாராம், ஐஸ் பெட்டிக்கு மேல் உட்கார்ந்து. பக்கத்தில் மேனேஜர் தோளில் பையை மாட்டிக்கொண்டு நின்றார். லாக்கர் சாவியை வைத்துக்கொள்ள இரண்டு ஆபீசர் வேண்டும், இன்னொருவர் இல்லை என்பதால் அவர் ஒரு மாதமாக வீட்டுக்குப் போகவில்லை. "இவங்க வர மாட்டாங்கன்னு நெனச்சேன். யாருமே வர்றதில்ல," என்றார் என்னிடம். "கிரீஸ் கையோட யாராவது ஜாயின் பண்ணி நான் பாத்ததில்ல."

சாமானை வாடகை அறையில் இறக்கினேன். "வீட்டுல போய்ச் சொல்லிடு. இங்க போன் லைன் சரியில்ல," என்றார் அக்கா.

தனியாகத் திரும்பினேன். காலி வண்டி, நல்ல கிளட்ச், 8.20க்கு டாக்குரியா. இரண்டு மாடி ஏறினேன். ராமநாதன் சார் கதவைத் திறந்தார். உள்ளே குக்கர் தீய்ந்த வாசனை.

"சேந்துட்டாங்க சார்."

"வண்டி வழியில நின்னுதா?"

"நின்னுது. ரெண்டு மணி நேரம்."

"அப்பவும் திரும்பி வரலையா அவ?"

"இல்ல சார்."

கதவின் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்: "சாப்ட்டாளா?"

எனக்குத் தெரியாது. கிச்சடி முழுவதையும் நானே சாப்பிட்டிருந்தேன். "சாப்ட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

இனி போகிறவர்களுக்கு. போய் வர மொத்தம் இருநூற்று நாற்பத்தைந்து கிலோமீட்டர் ஆனது எனக்கு, பெட்ரோல் பதினைந்து லிட்டருக்குக் கொஞ்சம் மேல். பக்காலி வரை போனால் இன்னும் இரண்டு லிட்டர் வையுங்கள். முந்தின நாளே நாம்கானாவில் நீர் நேரம் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள், யாரும் எழுதி ஒட்ட மாட்டார்கள். பழைய சின்ன கார் வாங்குகிறவர்கள் கிளட்ச் கேபிள் ஒன்றும் பன்னிரண்டு நம்பர் ஸ்பானர் ஒன்றும் டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். மாற்றவும் கற்றுக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது இருபத்தைந்து நிமிஷம் ஆகிறது. விஸ்வகர்மா பூஜை அன்று வண்டி எடுக்காதீர்கள். அன்று வண்டிக்கு லீவு கொடுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அக்காவுக்கு வேறு நாள் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அதே ரோட்டில் மறுபடி போனேன். முன் சீட்டில் ராமநாதன் சார், பின் சீட்டில் அவர் பெண், மடியில் எலுமிச்சை ஊறுகாய் பாட்டில். டயமண்ட் ஹார்பரில் டீக்கு நிறுத்தினேன். அவர் இறங்கவே இல்லை.

"டீயெல்லாம் வரும்போது பாத்துக்கலாம், கார்த்தி. தண்ணி எறங்கிடப் போவுது. எடு."